அடுப்படி இல்லாத வீடு

பீ சுவானுக்குக் கோபம் வந்தால் வாய் மூடிக்கொள்ளும், கை வேகமெடுக்கும். தைப்பிங் ஊரின் சீனர் கடைத்தெருவில் இது எல்லோருக்கும் தெரியும். மூங்கில் பிளக்கும் சத்தம் தெருமுனைவரை கேட்டால் எதிர்வரிசைக் காப்பிக்கடைக்காரன், "இன்னிக்கு அந்தப் பக்கம் போகாதே, அக்கா சூடா இருக்கு" என்று வருகிறவர்களை நிறுத்திவைப்பான்.

செத்தவர்களுக்கு வீடு கட்டுவது அவள் தொழில். மூங்கில் சிம்பு, வண்ணக் காகிதம், மரவள்ளி மாவுப் பசை, இவ்வளவுதான் சரக்கு. இதை வைத்துக்கொண்டு இடுப்பு உயரத்துக்கு மூன்று மாடி எழுப்பிவிடுவாள். கூரையில் நாரை நிற்கும், வாசலில் சிங்கம் உட்கார்ந்திருக்கும், குளத்தில் தாமரை பூத்திருக்கும். உள்ளே மேசையில் மாஜோங் சூதாட்டக் காய்களைக்கூடக் கடுகளவில் வெட்டி அடுக்கியிருப்பாள். உயிரோடிருக்கிற எவனும் அப்படி ஒரு வீட்டில் ஒருநாள் தூங்கியதில்லை. கட்டி முடித்த கையோடு அதைக் கொண்டுபோய்க் கொளுத்திவிடுவார்கள். கொளுத்தினால்தான் உரியவருக்குப் போய்ச்சேரும்.

கடையின் பெயர்ப்பலகையில் இருப்பது தம்பி கெங் ஹுவாட்டின் பெயர். அப்பா அவனுக்குத்தான் தொழிலைச் சொல்லிக்கொடுத்தார். அவன் விரலுக்கு மூங்கில் வளையவில்லை, ஒடிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பசை கிண்டிக்கொண்டிருந்த பதினாறு வயதுப் பெண்ணின் விரலுக்கு வளைந்தது. இப்போது அவளுக்கு அறுபத்தொன்று. நாற்பத்தைந்து வருடமாக அவள் கட்டிய வீடுகள் ஊரில் "கெங் ஹுவாட் வீடு" என்றுதான் பேர் பெற்றிருக்கின்றன. தம்பி கெட்டவனில்லை. தேடிப்போய்க் கெடுதல் செய்யமாட்டான். கண்ணெதிரே நடப்பதைப் பார்க்கவும் மாட்டான், அவ்வளவுதான்.

அவளைத் தம்பி அக்கா என்பான். தம்பி பெண் ஷி யுன் அத்தை என்பாள். தெருவுக்கு அவள் கடைக்கார அக்கா. பெரியவர்கள் பெயரைச் சின்னவர்கள் சொல்லக்கூடாது, சொன்னால் வாயிலேயே போடுவார்கள். அங்கே அது மரியாதை. அந்த மரியாதையிலேயே பாதிப் பெண்களின் பெயர் காணாமல் போய்விடும்.

அந்த மாதம் முதல் வாரத்தில் ஹோக் பெங் கடைக்கு வந்தான். மூன்று டயர் கடைக்குச் சொந்தக்காரன். வந்ததும் கெங் ஹுவாட் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். பீ சுவான் கீழே உட்கார்ந்து கூரைக்கு ஓடு மடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா கனவுல அப்பா வந்துட்டாரு கெங் ஹுவாட். கூரை ஒழுகுதாம். நனைஞ்சுக்கிட்டே நிக்கிறாராம்."

"அப்ப எரிச்ச வீட்டை எந்தக் கடையில வாங்கினீங்க?" பீ சுவான் நிமிராமலே கேட்டாள்.

"வெளியூர்ல. மூணு வருஷம் ஆச்சு."

"மிஷின்ல அச்சடிச்ச அட்டையா இருக்கும். ஒழுகத்தான் செய்யும். செத்தவருக்குத் தெரியாதுன்னு நெனச்சு வாங்கினீங்க. தெரிஞ்சுபோச்சு பாத்தீங்களா?"

ஹோக் பெங் சிரித்தான். நல்லவிதமாகத்தான் சிரித்தான். "அதான் இப்ப பெருசா பண்ணிடலாம்னு வந்தேன். மூணு மாடி, மின்தூக்கி, ரெண்டு கார். அப்பாவோட மூணாம் வருஷ பூஜை பதினாலாம் தேதி. இப்ப செத்துப்போன எங்க அத்தைக்கும் அன்னிக்குத்தான் நாப்பத்தொன்பதாம் நாள் காரியம் வருது. ரெண்டையும் ஒரே வீட்ல முடிச்சிடலாம்."

ஓடு மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. "வீட்டுப் பத்திரத்துல அவங்க பேரும் வரணும். பேரு சொல்லுங்க."

வீட்டோடு சேர்த்து எரிக்கிற பத்திரம் அது. இன்னார் வீடு, இன்ன எல்லை, உள்ளே இருப்பவர் இன்னார் என்று எழுதி, கொளுத்துமுன் பூசாரி உரக்கப் படிப்பார். பேரில்லாமல் அனுப்பினால் வழியில் எவனாவது பிடுங்கிக்கொள்வான்.

"அத்தை பேரா?" ஹோக் பெங் கூரையைப் பார்த்தான். "அது வந்து... ஒரு நிமிஷம் அக்கா."

போனை எடுத்துத் தடவ ஆரம்பித்தான். டயர் படங்கள் போயின. ஒரு நாய் போயிற்று. பேரனின் பிறந்தநாள் கேக்கு போயிற்று. கடைசியில் இறப்புச் சான்றிதழின் படம் வந்தது. இரண்டு விரலால் அதைப் பெரிதாக்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, போகாத ஊரின் பெயர்ப்பலகையைப் படிப்பதுபோல எழுத்துக்கூட்டினான்.

"சியா... சோக்... இம்."

எத்தனை வருடம்? ஹோக் பெங்குக்கு ஐம்பத்தெட்டு வயது. ஐம்பத்தெட்டு வருடம் அந்த அத்தை கையால் தின்றிருக்கிறான். பேதியானபோது அவள் கழுவிவிட்டிருக்கிறாள். 

"வேலைக்காரப் பொம்மை ஒரு ஜோடி வைப்போம்ல?" கெங் ஹுவாட் சட்டென்று பேச்சை மாற்றினான். அக்காவின் முகத்தை அவன் பார்த்துவிட்டான்.

"அது எதுக்கு? அதான் அத்தை போறாங்களே. அந்த இடத்துல இன்னொரு கார் வெச்சிடு."



"அத்தைக்கு எந்த ரூம்?" பீ சுவான் கேட்டாள். குரல் ரொம்ப மெதுவாக வந்தது.

"அடுப்படிக்குப் பின்னால சின்னதா ஒண்ணு போதும் அக்கா. பெரிய ரூமெல்லாம் குடுத்தா அவங்களுக்குத் தூக்கம் வராது. பழகின இடம் மாதிரி இருக்கட்டும், பாவம்."

அக்கறையாகத்தான் சொன்னான். திமிரில் சொல்லியிருந்தால்கூடத் தேவலை, திருப்பி அடித்திருக்கலாம். அந்தப் பாவம் என்ற சொல்தான் பீ சுவானை எழுப்பி நிறுத்தியது.

"ஏங்க, உயிரோட இருந்த வரைக்கும் அடுப்பு ஊதினாங்க. செத்தும் விடமாட்டீங்களா?"

"அக்கா!" கெங் ஹுவாட் குறுக்கே வந்தான். "உள்ள பசை அடிப்பிடிக்குது, போய்ப் பாரு."

பசை அடிப்பிடிக்கவில்லை. அவள் உள்ளே போனாள். அன்று மாலைவரை டப் டப்பென்று மூங்கில் பிளந்தது. காப்பிக்கடைக்காரன் வெளியே வந்து, "யாரு செத்தா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனான்.

சோக் இம் முப்பது வருடமாக அந்தக் கடைக்கு வந்துகொண்டிருந்தாள். சந்தைக்குப் போய்த் திரும்பும்போது, மீன் கூடையை வாசலில் வைத்துவிட்டுப் பத்து நிமிடம் முக்காலியில் உட்காருவாள். அந்தப் பத்து நிமிடம்தான் அவளுடைய நாளில் அவளுடையது. அண்ணிக்கு, அதாவது ஹோக் பெங்கின் அம்மாவுக்கு, முதல் பிரசவத்தில் உடம்பு கெட்டது. பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று அண்ணன் தங்கையைக் கூட்டிவந்தான். வயது பத்தொன்பது. பக்கத்து ஊர் கமுண்டிங்கிலிருந்து ஒரு மெக்கானிக் பெண் கேட்டு வந்தான். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றான் அண்ணன். ஏழு வருடம் அதையே சொன்னான். மெக்கானிக் வேறு இடத்தில் கட்டிக்கொண்டு, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைக்கும் கல்யாணம் ஆகிவிட்டது.

இதையெல்லாம் சோக் இம் புலம்பலாகச் சொல்லமாட்டாள். மீன் விலை சொல்வதுபோலச் சொல்வாள். பாதி கட்டிய வீட்டைச் சுற்றிவந்து ஒவ்வோர் அறையாக எட்டிப்பார்ப்பாள். ஒருநாள் ஒரு வீட்டின் பின்கட்டில் விரலை வைத்து, "பீ சுவான், இதை எடுத்துட்டா வீடு நிக்காதா?" என்று கேட்டாள்.

"எதை?"

"அடுப்படியை."

"நிக்கும் அக்கா. மூங்கில்தானே தாங்குது."

"அப்ப எனக்கு ஒண்ணு பண்ணு. ஒரே ரூம். தெருவைப் பாத்த மாதிரி ஜன்னல். கை வெச்ச நாற்காலி ஒண்ணு. கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள். அடுப்படி மட்டும் வேணாம்."

"சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவீங்க?"

"வாசல்ல நூடுல்ஸ் வண்டி வராதா? எவனாவது வறுத்துப் போடுவான், நான் திம்பேன். தட்டையும் அவனே கழுவட்டும்." சொல்லிவிட்டு சோக் இம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பிறகு மணியைப் பார்த்துவிட்டு, அண்ணன் மருமகள் தேடுவாள் என்று கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அப்போது அவளுக்கு எழுபத்திரண்டு வயது.

பீ சுவானைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட கடைசி ஆள் அவள்தான்.

சோக் இம் செத்த பிறகு அவள் பெயர் எழுதிய பலகையை வீட்டில் முன்னோர் பீடத்தில் வைக்கவில்லை. கல்யாணமாகாத பெண்ணுக்கு அங்கே இடமில்லையாம். கோயில் பின்கட்டில், இன்னும் நாற்பது பேரோடு, ஒரு அலமாரியில் கொண்டுபோய் வைத்தார்கள். அடுப்படியில் மட்டும் இடம் எப்போதும் இருந்தது.

ஹோக் பெங் வந்துபோன அன்று கடை அடைக்கும்போது தம்பி சொன்னான். "யாரு என்ன கேட்டாலும் கட்டிக் குடுக்கிறதுதான் அக்கா நம்ம வேலை. நாம என்ன நீதிபதியா?"

"நீதிபதியா இருந்திருந்தா எல்லாத்தையும் உள்ள தள்ளியிருப்பேன்."

"அவங்க குடும்பத்து ஆளு. அவங்க எங்க வேணா வெச்சுக்குவாங்க. உனக்கு என்ன?"

"எனக்கு என்னவா?" அவள் தம்பியை ஏற இறங்கப் பார்த்தாள்.  கத்தியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பெரிய வீட்டைச் சொன்னபடியே கட்டினாள். பெற்ற அப்பன்மேலேயே கோபமென்றாலும் அதை வேலையில் காட்டமாட்டாள். கூரைக்கு மட்டும் மூன்று அடுக்கு ஓடு போட்டாள், இனி எவன் கனவிலும் ஒழுகக்கூடாது. மின்தூக்கிக்கு நூல் கட்டினாள். மூன்று காருக்கும் விளக்கு வைத்தாள். பதினோராம் தேதி அடுப்படிக்குப் பின்னால் இருக்கும் அறைக்கு வந்தாள்.

ஒற்றைக் கட்டில் ஒட்டினாள். சுவரில் ஒரு ஆணி. ஆணியில் துண்டு. பக்கத்தில் கிழிக்கிற நாள்காட்டி. ஜன்னல் வைக்கவில்லை, அங்கே ஜன்னல் வராது, அந்தப் பக்கம் அடுப்புச் சுவர். கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டியைச் செருகும்போது கை அப்படியே நின்றுவிட்டது. சோக் இம்மின் அறையை அவள் கண்ணால் பார்த்ததே இல்லை. பின் எதைப் பார்த்து இத்தனை அச்சாகக் கட்டினாள்?

திரும்பிப் பார்த்தாள். பசை அடுப்புக்குப் பின்னால், பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் படுக்கிற இடத்தில், ஆணியில் அவள் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

 அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை. கோபம்தான் வந்தது, முதலில் ஹோக் பெங்மேல், பிறகு தம்பிமேல், பிறகு இத்தனை வருடம் இந்த ஆணியைப் பார்க்காமலே துண்டை மாட்டிக்கொண்டிருந்த தன்மேல். அந்த மூன்றாவது கோபம்தான் பொல்லாதது. அது யாரையும் திட்டித் தீராது.

மறுநாள் விடிந்ததும் சின்ன வீட்டை ஆரம்பித்தாள். காசு கொடுத்து யாரும் கேட்காத வீடு. முழங்கால் உயரம், ஒரு முழ அகலம். ஒரே அறை, ஆனால் கூரையில் அரண்மனைக்குப் போடுகிற நாரையையே உட்காரவைத்தாள். பச்சை மெழுகுத்தாளில் சுவர். முகப்பில் சுவர் பாதிக்கு ஜன்னல். கைவைத்த நாற்காலிக்குப் பிரம்பு முடைவதுபோலக் காகித இழையைப் பின்னினாள், அதற்கே ஒரு பகல் ஆனது. ஊதுபத்திக் குச்சியைச் சீவித் தாழ்ப்பாள் செய்தாள். தள்ளிப் பார்த்தால் உண்மையாகவே மூடிக்கொண்டது. வாசலில் நூடுல்ஸ் வண்டி ஒன்று, சக்கரத்தோடு. வண்டிக்காரன் கையில் கரண்டி, காலடியில் தட்டுக் கழுவுகிற வாளி.

கெங் ஹுவாட் வந்து பார்த்தான். "இது யாருக்கு?"

"பேரு இருக்கிறவங்களுக்கு."

 அவன் பத்திரத் தாளை எடுத்துப் படித்துவிட்டு, திரும்ப அதே இடத்தில் வைத்தான்.

பதினாலாம் தேதி காகித வீடு கொளுத்தும் திடலுக்கு வண்டியில் இரண்டு வீடும் போயின. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. தைப்பிங் மழை யாருக்கும் காத்திருக்காது. பூசாரி மணியைக் கையில் வைத்துக்கொண்டு அவசரப்பட்டார். ஹோக் பெங்கின் ஆட்கள் பதினைந்து பேர் வெள்ளைச் சட்டையில் நின்றார்கள். பெரிய வீட்டைப் பார்த்து ஆகா ஓகோவென்றார்கள், போனில் படம் பிடித்தார்கள். பீ சுவான் சின்ன வீட்டைத் தானே இறக்கித் தள்ளிவைத்தாள்.

"இது என்ன, நாய்க் கூண்டா?" ஹோக் பெங் கேட்டான். இரண்டு பேர் சிரித்தார்கள்.

"சியா சோக் இம் வீடு. இது முதல்ல எரியும். உங்கப்பா வீட்டுக்கு வந்து டீ கேக்கிறதுக்குள்ள அவங்க உள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கட்டும்."

சிரிப்பு நின்றது. "அத்தைக்குத்தான் ரூம் கட்டச் சொன்னேனே?"

"கட்டியிருக்கேன். காலியா இருக்கும். உங்கப்பா செருப்பு போட்டுக்கட்டும்."

"அக்கா, விளையாடாதீங்க. அப்பாவுக்கு யாரு சமைப்பா? யாரு கால் புடிச்சு விடுவா?"

அவள் பையிலிருந்து வேலைக்காரப் பொம்மை ஒன்றை எடுத்தாள். சிவப்புச் சட்டை, ரோஸ் கன்னம், நெஞ்சில் வெள்ளைத் தாள். "இவ புடிப்பா. இவளுக்கு இடுப்பு வலி கிடையாது, மெக்கானிக் மாப்பிள்ளை கிடையாது. நெஞ்சுல பேரு மட்டும் எழுதணும். சொல்லுங்க, என்ன பேரு?"

"ஏதோ ஒரு பேரு. எழுதுங்க."

"ஏதோ ஒண்ணுன்னா?" மைத்தூரிகையை நனைத்துப் பொம்மையின் நெஞ்சருகே கொண்டுபோனாள். "வேலைக்காரி பேருதானே, எதுவா இருந்தா என்ன? ஹோக் பெங்குன்னு எழுதிடவா?"

ஹோக் பெங் இரண்டடி பின்னால் போனான். அவன் பெண்டாட்டி ஐயோ என்று கத்திவிட்டு மூன்று தடவை தரையில் துப்பினாள். உயிரோடிருக்கிறவன் பெயரைப் பொம்மையில் எழுதிக் கொளுத்தினால் என்ன ஆகும் என்று அங்கே நின்ற குழந்தைக்கும் தெரியும். பூசாரியே மணியை நிறுத்திவிட்டார்.

"கூசுதுல்ல?" பீ சுவான் தூரிகையை இறக்கவில்லை. "ஒரு கோடுகூட இன்னும் இழுக்கலை, அதுக்கே கூசுது. அவங்களை ஆயுசு பூரா இந்தப் பொம்மையா வெச்சிருந்தீங்களே, அப்ப கூசலையா? பேரு என்னன்னு கேட்டதுக்குப் போனைத் தடவுனீங்களே, அப்ப? நாப்பத்தொன்பது நாள் ஓய்வு எடுத்தாங்க பாருங்க, அதுவே உங்களுக்குப் பொறுக்கலை!"

 'சொல்கேளாள்' என்று எழுதப்போனவள் ஒரு கணம் யோசித்து, எல்லாப் பொம்மைக்கும் எழுதுகிற 'சொல்கேட்பாள்' என்ற பெயரையே எழுதி, பொம்மையைப் பெரிய வீட்டின் அடுப்படியில் நிறுத்தினாள். பொம்மைமேல் அவளுக்கு என்ன கோபம்?

ஹோக் பெங்குக்கு இப்போது முகம் சிவந்திருந்தது. "சரி. கொளுத்துங்க. ஆனா எங்க வீட்டு ஆள் ஒருத்தரும் அந்தக் கூண்டைச் சுத்தி நிக்கமாட்டோம். சுத்தி ஆள் நிக்காத வீடு யாருக்குப் போகும்னு உங்களுக்கே தெரியும்."

தெரியும். எரிகிற வீட்டைச் சுற்றி உறவுக்காரர்கள் கைகோத்து நிற்க வேண்டும். வளையத்தில் இடைவெளி விட்டால், யாருமில்லாமல் அலைகிற ஆவிகள் புகுந்து அள்ளிக்கொண்டு போய்விடும். சோக் இம்முக்கு அங்கேயும் வாசலில் நிற்கிற கதிதான். பிள்ளையில்லாதவளை இப்படித்தான் மடக்கமுடியும் என்று ஹோக் பெங்குக்குத் தெரிந்திருந்தது.

"ஒரு ஆள் கை போதாதும்மா" என்றார் பூசாரி தயக்கமாக. "மழை வேற வருது."

"கெங் ஹுவாட்!" ஹோக் பெங் கத்தினான். "உன் அக்காவை வண்டியில ஏத்து. கூலிக்குக் காயிதம் ஒட்டுறவளுக்கு எங்க குடும்பத்துல என்ன வேலை?"

வண்டியின் மேல் சாய்ந்து நின்ற கெங் ஹுவாட் தலையைத் தூக்கினான். எந்த வாடிக்கைக்காரனிடமும் குரலை உயர்த்தாதவன். கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நேராக நடந்து வந்தான்.

"அந்தக் கூலிக்காரி ஒட்டலைன்னா உங்கப்பன் இன்னும் நனைஞ்சுகிட்டுத்தான் நிப்பான்" என்றான். பிறகு அக்காவைப் பார்க்காமலே, "கையைக் குடு அக்கா. இன்னொரு கையும்" என்றான்.

இரண்டு பேரும் எதிரெதிரே நின்று கைகோத்தார்கள். சின்ன வீடு நடுவில் அடங்கியது. அவள் அளவு பார்த்துத்தான் கட்டியிருந்தாள், இரண்டு பேர் கைக்கு. அந்த இரண்டாவது ஆள் யார் என்றுதான் அவளுக்குத் தெரியாமல் இருந்தது.

பூசாரி பத்திரத்தை விரித்தார். "வீட்டுக்காரி, சியா சோக் இம். கிழக்கே பொது வீதி. மேற்கே தாமரைக் குளம். வாசலில் நூடுல்ஸ் வண்டி ஒன்று. அடுப்படி..." அவர் தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். "இல்லைன்னு போட்டிருக்கு."

"இல்லைதான். சத்தமா படிங்க."

"அடுப்படி இல்லை!" என்று பூசாரி சத்தமாகவே படித்தார்.

நெருப்பு வைத்ததும் பச்சைச் சுவர் குப்பென்று பிடித்துக்கொண்டது. இத்தனை கிட்டத்தில் நின்று யாரும் வீடு கொளுத்துவதில்லை. முகம் வெந்தது. கெங் ஹுவாட்டின் புருவம் பொசுங்கி நாற்றம் அடித்தது. அவன் கையை விடவில்லை, அவளும் விடவில்லை. நாற்காலி போயிற்று, நாரை போயிற்று, நூடுல்ஸ்காரன் கரண்டியோடு போனான். கடைசியில் தாழ்ப்பாள் குச்சி மட்டும் சிவப்பாகக் கொஞ்ச நேரம் நின்று, விழுந்தது. பெரிய வீட்டைப் பதினைந்து பேர் சுற்றி நின்று எரித்தார்கள். அதைப் பார்க்க அவள் நிற்கவில்லை.

வண்டியில் ஏறியபோது மழை பிடித்துக்கொண்டது. கெங் ஹுவாட் கண்ணாடியில் புருவத்தைத் தடவிப் பார்த்தான். "டயர்க்காரன் இனிமே நம்ம கடைக்கு வரமாட்டான்."

"செத்தா வருவான்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்போது அவள் போன் அடித்தது. தம்பி பெண் ஷி யுன். வங்கியில் வேலை பார்க்கிறாள், பிறந்ததிலிருந்து பீ சுவான் மடியில் வளர்ந்தவள்.

"அத்தை, எங்க இருக்கீங்க? பசிக்குது. ராத்திரிக்கு என்ன சமையல்?"

பீ சுவான் கையிலிருந்த கரியைப் பாவாடையில் துடைத்தாள். "சொல்றேன். முதல்ல நீ ஒண்ணு சொல்லு. என் பேரு என்ன?"

"என்ன அத்தை, விளையாட்டா?"

"விளையாட்டு இல்லை. வாயில யாரும் அடிக்கமாட்டாங்க. சொல்லு."

 கெங் ஹுவாட் வாயைத் திறந்தான். அவள் கையைக் காட்டி அவனை அடக்கினாள். மழை கண்ணாடியில் அடித்து வழிந்தது.

"ஒரு நிமிஷம் அத்தை" என்றாள் ஷி யுன். பிறகு, காகிதங்கள் வைக்கிற அலமாரியின் இழுப்பறையை இழுக்கும் சத்தம் போனில் தெளிவாகக் கேட்டது.

பீ சுவான் போனை அணைத்து மடியில் வைத்தாள்.

"நூடுல்ஸ் வண்டிக்கிட்ட நிறுத்து" என்றாள் தம்பியிடம். "நான் சாப்பிட்டுட்டு வர்றேன். இன்னிக்கு வீட்ல அடுப்பு எரியாது."